3,829 ஓட்டும் ஒரு கை குலுக்கலும்

எங்க ப்ராஜெக்ட்ல ஒரு பெரியவர் இருந்தார். க்ளையண்ட் பக்கத்து ஆள், அமெரிக்கர், மெயின்ஃப்ரேம்ல நாப்பது வருஷம் குப்பை கொட்டினவர். 2024 அக்டோபர்ல அவர் ரிட்டையர் ஆகப் போறார்னு தெரிஞ்சதும், அதுக்குள்ள அவர் மண்டையில இருக்கிறதையெல்லாம் வாங்கிக்கோன்னு என்னை உக்கார வெச்சாங்க. சென்னையில ராத்திரி எட்டரை, அவருக்குக் காலையில பதினொண்ணு. ஒரு பேட்ச் ஜாபை ஓட விட்டா முடிய நாப்பது நிமிஷம் ஆகும். அந்த நாப்பது நிமிஷமும் ஊர்க்கதைதான்.

அங்க தேர்தல் சூடு. சும்மா பேச்சுக்குக் கேட்டேன், "நீங்க எப்பவும் ஒரே கட்சிக்குத்தான் போடுவீங்களா?"ன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நெட் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னார்: "ஒரு தடவை தவிர. 1980. எங்க மாநிலத்துல கார்ட்டர் 3,829 ஓட்டுல தோத்தார். அதுல ஒண்ணு என்னோடது."

நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் அந்த நம்பரை ஒன்னாம் இலக்கம் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கார்னா, உள்ள ஏதோ உறுத்தல் இருக்குன்னுதானே அர்த்தம்? அன்னிக்கு ஆரம்பிச்ச படிப்புதான் இந்தப் பதிவு. நான் வரலாறு படிச்சவன் இல்ல. மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு அடிக்கிற பெருங்கூட்டத்துல ஒருத்தன். தப்பிருந்தா தலையில குட்டுங்க.

கேள்வி இதுதான். ஒரு கட்சிக்குள்ள வேட்பாளர் பதவிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க. ஒருத்தர் ஜெயிக்கறார். தோத்தவருக்கு ஓட்டுப் போட்டவங்க பொதுத்தேர்தல்ல என்ன செய்வாங்க? கோபத்தை முழுங்கிட்டு அதே கட்சிக்குப் போடுவாங்களா, வீட்டுலயே உக்காந்துடுவாங்களா, எதிர்முகாமுக்கே போயிடுவாங்களா?

முதல்ல ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல வேட்பாளர் பட்டியல் தலைமையிலேர்ந்து வரும். சீட்டு கிடைக்காதவர்தான் கோச்சுப்பார். அமெரிக்காவுல கட்சி வேட்பாளர் யாருன்னு மாநிலம் மாநிலமா வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க. அதுக்குப் பேர்தான் பிரைமரி. இதுவும் ஆதி காலத்துலேர்ந்து வந்த வழக்கம் இல்ல. 1968ல ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில கூட நிக்காமலே டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டுக்கு வெளிய போலீஸ் தடியடி, உள்ள கூச்சல். அந்த அசிங்கத்துக்கு அப்புறம் விதிகளை மாத்தினதாலதான் 1972லேர்ந்து பிரைமரியே எல்லாத்தையும் தீர்மானிக்குதுன்னு ஆச்சு. அதனால அங்க கோச்சுக்கறது தலைவர் மட்டும் இல்ல. அவருக்காக பனியில வரிசையில நின்னு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான ஜனமும் கோச்சுக்கும்.

இப்ப 1980 கதைக்கு வருவோம்.

ஜிம்மி கார்ட்டர் 1976ல ஜெயிச்சு அதிபரா இருக்கார். நம்ம பெரியவர் பதினெட்டு வயசுல போட்ட முதல் ஓட்டே அவருக்குத்தான். ஆனா 1979 கோடையில பெட்ரோல் பங்க்ல மைல் கணக்குல க்யூ. விலைவாசி ஒரே வருஷத்துல 13 சதவீதம் ஏறுது. கட்சிக்காரங்களே "இவரை வெச்சுக்கிட்டு எப்படி?"ன்னு முணுமுணுக்கறாங்க. எல்லார் கண்ணும் எட்வர்ட் கென்னடி மேல. சுட்டுக் கொல்லப்பட்ட ரெண்டு அண்ணன்களோட தம்பி, மாசசூசெட்ஸ் செனட்டர். கருத்துக்கணிப்புல டெமாக்ரட்கள் மத்தியில கார்ட்டரை விட ரெண்டு மடங்கு ஆதரவு. நின்னா போதும், பதவி மடியில விழும்னு பேச்சு.

விழல. 1979 நவம்பர் 4ஆம் தேதி ரெண்டு விஷயம் நடந்துச்சு. டெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்துக்குள்ள புகுந்து ஊழியர்களைப் பணயக்கைதிகளாப் பிடிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி சி.பி.எஸ். டிவியில ரோஜர் மட் எடுத்த கென்னடி பேட்டி ஒளிபரப்பாச்சு. "நீங்க ஏன் அதிபராக விரும்பறீங்க?" ரொம்ப சுலபமான கேள்வி. கென்னடி தடுமாறித் தடுமாறி எங்கெங்கயோ போனார். நல்ல வேளையா எதிர் சேனல்ல 'ஜாஸ்' படம் போட்டிருந்தான், பாதி ஜனம் சுறாவைப் பார்த்துக்கிட்டிருந்தது :-) ஆனாலும் பத்திரிகைக்காரங்க விடல. மூணு நாள் கழிச்சு அவர் அதிகாரபூர்வமா களத்துல இறங்கும்போதே பாதி காத்து போயிருந்தது. 1969ல சாப்பக்விடிக் தீவுல அவர் ஓட்டின கார் தண்ணியில விழுந்து ஒரு இளம்பெண் இறந்த விவகாரமும் திரும்பக் கிளம்புச்சு.

இன்னொரு பக்கம், நெருக்கடி நேரத்துல ஜனங்க அதிபர் பின்னாடி திரண்டாங்க. முப்பது சொச்சத்துல கிடந்த கார்ட்டரோட ஆதரவு ஒரே மாசத்துல அறுபதைத் தொட்டது. அவர் ஒரு காரியம் செஞ்சார். பணயக்கைதிகள் விவகாரம் இருக்கு, வெள்ளை மாளிகையை விட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டு கென்னடியோட ஒரு விவாதத்துக்குக் கூட வரல. பிரசாரத்துக்கும் போகல. அது பலிச்சது. அயோவாவுல ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சார், நியூ ஹாம்ப்ஷயர்லயும் ஜெயிச்சார்.

மார்ச் 4, மாசசூசெட்ஸ். சொந்த ஊர்ல கென்னடிக்கு 65 சதவீதம், கார்ட்டருக்கு 29. நம்ம பெரியவர் அப்ப இருபத்திரெண்டு வயசு, கென்னடிக்காக வீடு வீடா நோட்டீஸ் கொடுத்தவர். அப்புறம் நியூயார்க், கனெக்டிகட், பென்சில்வேனியா. கடைசி நாளான ஜூன் 3ல கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும். மொத்தம் பத்து பிரைமரி கென்னடிக்கு. ஆனா கணக்கு எப்பவோ முடிஞ்சிருந்தது. தேவையான பிரதிநிதிகள் கார்ட்டர் கையில இருந்தாங்க. நடுவுல ஏப்ரல்ல பணயக்கைதிகளை மீட்கப் போன ராணுவ முயற்சி பாலைவனத்துல சொதப்பி எட்டு வீரர்கள் செத்துப் போனாங்க. "கார்ட்டரை ஆதரிச்ச பிரதிநிதிகளுக்கே இப்ப மனசு மாறியிருக்கும், கட்டுப்பாடு இல்லாம ஓட்டுப் போட விடுங்க"ன்னு கென்னடி ஆகஸ்ட் மாநாடு வரைக்கும் சண்டையை இழுத்தார். மாநாட்டோட முதல் நாளே அந்த விதி மாத்தற தீர்மானம் 1,936க்கு 1,390ன்னு தோத்துப் போச்சு.

அடுத்த நாள் ராத்திரி கென்னடி பேசினார். பிரைமரி முழுக்கத் தடுமாறின மனுஷன், தோத்ததுக்கு அப்புறம் வாழ்க்கையிலேயே நல்ல பேச்சைப் பேசினார். அரங்கமே எழுந்து நின்னு கைதட்டிச்சு. தோத்தவருக்கு அந்தக் கைதட்டல்னா ஜெயிச்சவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கடைசி நாள் கார்ட்டர் ஏற்புரை. ஹம்ஃப்ரியைப் புகழப் போய், 'ஹ்யூபர்ட் ஹொரேஷியோ'ன்னு ஆரம்பிச்சு ஒரு கடற்படை நாவல் கதாநாயகன் பேரான ஹார்ன்ப்ளோயர்ல முடிச்சார். மேலேர்ந்து கொட்ட வேண்டிய பலூன்கள் மாட்டிக்கிட்டு ஒண்ணு ரெண்டா விழுந்துச்சு. அப்புறம் எல்லாரும் எதிர்பார்த்த காட்சி: ரெண்டு பேரும் கையைக் கோத்து மேல தூக்கணும். கென்னடி வந்தார், வேண்டா வெறுப்பா கையைக் குலுக்கினார், நகர்ந்துட்டார். நாட்டோட அதிபர் மேடையில அவர் பின்னாடியே போய் நிக்கறார். அவர் பிடி கொடுக்கல. மொத்த நாடும் டிவியில பார்த்துக்கிட்டிருக்கு.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணீங்களான்னு பெரியவரைக் கேட்டேன். "இல்ல. அன்னிக்கு எனக்கு கென்னடி மேலதான் கோபம் வந்தது"ன்னார். இந்தப் பதில் எனக்கு ரொம்ப நாள் புரியல. கடைசியில சொல்றேன்.

நவம்பர் 4. ரீகனுக்கு 50.7 சதவீதம், கார்ட்டருக்கு 41. தேர்வாளர் கணக்குல 489க்கு 49. நாலு டெமாக்ரட்ல ஒருத்தர் ரீகனுக்குப் போட்டிருந்தார். 1972ல நாடே நிக்ஸன் பக்கம் சாய்ஞ்சப்ப எதிர்த்து நின்ன ஒரே மாநிலம் மாசசூசெட்ஸ். அந்த மாநிலத்தையே ரீகன் 3,829 ஓட்டுல எடுத்தார். அங்க ஜான் ஆண்டர்சனுக்கு 15 சதவீதம், அதாவது மூணே முக்கால் லட்சத்துக்கும் மேல. இந்த ஆண்டர்சன் யாருன்னா, ரிபப்ளிகன் பிரைமரியில தோத்துட்டு தனியா நின்னவர். ஒரு கட்சியில தோத்தவருக்கு இன்னொரு கட்சியில தோத்தவரோட ஆளுங்க போட்ட ஓட்டு! பெரியவரோட ஓட்டும் அதுலதான் இருக்கு.

இந்தக் கதையைப் படிச்சா பாடம் ரொம்ப சுலபமா தெரியும்: உட்கட்சிச் சண்டை போட்டா கட்சி தோக்கும். பதவியில இருக்கிற அதிபர்களை வரிசையா எடுத்துப் பாருங்க. 1968ல ஜான்சனை மெக்கார்த்தி எதிர்த்தார், ஜான்சன் போட்டியிலிருந்தே விலகினார், கட்சி தோத்தது. 1976ல ஃபோர்டை ரீகன் எதிர்த்தார், ஃபோர்டு தோத்தார். 1980 கார்ட்டர். 1992ல பெரிய புஷ்ஷை புகேனன் எதிர்த்தார், புஷ் தோத்தார். பெரிய எதிர்ப்பு இல்லாத ரீகன் 1984லயும், க்ளிண்டன் 1996லயும், சின்ன புஷ் 2004லயும், ஒபாமா 2012லயும் ஜெயிச்சாங்க. சூப்பர் கணக்கு!

ஆனா நம்ம தொழில்ல ஒரு வியாதி உண்டு. சர்வர் விழுந்தா லாக்ல கடைசியா இருக்கிற எர்ரரைப் பிடிச்சு "இதாலதான் விழுந்தது"ன்னு மெயில் அனுப்பிடுவோம். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா மெமரி எப்பவோ தீர்ந்து போயிருக்கும், அந்த எர்ரர் அதோட அறிகுறி. இங்கயும் அதே சந்தேகம் வரணும். ஜான்சனுக்கு வியட்நாம் போர். கார்ட்டருக்கு விலைவாசியும் ஈரானும். புஷ்ஷுக்கு மந்தமான பொருளாதாரம். பலவீனமா இருக்கிற அதிபரைத்தான் சொந்தக் கட்சிக்காரனே எதிர்க்கத் துணிவான். அப்ப சண்டையால பலவீனமா, பலவீனத்தால சண்டையா?

ஆராய்ச்சியாளர்களும் அறுபது வருஷமா இதையேதான் போட்டுக் குடையறாங்க. ஆண்ட்ரூ ஹாக்கர் 1965ல கவர்னர், செனட்டர் தேர்தல்களை எடுத்துப் பார்த்துட்டு, கடுமையான பிரைமரிக்கும் தோல்விக்கும் பெரிய சம்பந்தம் இல்லைன்னு எழுதினார். அப்புறம் வந்த சிலர் இருக்குன்னாங்க. 1998ல லோனா ஏட்கிசன் அதிபர் தேர்தல்களை எடுத்து, பொருளாதாரம் மாதிரி விஷயங்களையும் கணக்குல சேர்த்தா சண்டையோட பாதிப்பு ரொம்பச் சின்னதாயிடுதுன்னு காட்டினார்.

எனக்குப் பிடிச்சது இன்னொரு வழி. தெற்கு மாநிலங்கள் பலதுல பிரைமரியில யாருக்கும் 50 சதவீதம் வரலைன்னா முதல் ரெண்டு பேரும் மறுபடி மோதணும். ஒருத்தர் நூலிழையில 50ஐத் தாண்டி சண்டையை முடிச்சுடறார். இன்னொரு ஊர்ல ஒருத்தர் நூலிழையில தவற விட்டு இன்னும் சில வாரம் அடிச்சுக்கறார். ரெண்டு பேரும் மத்தபடி ஒரே மாதிரி. இயற்கையே நடத்தின ஏ/பி டெஸ்ட்! ஆண்ட்ரூ ஹாலும் அவரோட சக ஆய்வாளரும் இதை வெச்சு அளந்தாங்க. நாடாளுமன்றத் தேர்தல்கள்ல அந்த ரெண்டாவது சண்டை கட்சியோட ஓட்டை 6லேர்ந்து 9 புள்ளி வரைக்கும் குறைக்குது. ஆனா மாநில சட்டமன்ற அளவுல அந்த பாதிப்பு தெரியல. யாருன்னே தெரியாத வேட்பாளருக்கு சண்டையே ஒரு விளம்பரம் போலிருக்கு. ஆக, சண்டைக்கு விலை உண்டு. எல்லா இடத்துலயும் ஒரே விலை இல்ல.

சரி, எல்லாரும் பார்க்கிற பெரிய தேர்தல்ல சண்டை போட்டும் ஜெயிச்சவங்க உண்டா? 2008. ஒபாமாவும் ஹிலாரியும் ஜனவரி 3லேர்ந்து ஜூன் 3 வரைக்கும் அஞ்சு மாசம் அடிச்சுக்கிட்டாங்க. ஆளுக்கு ஒண்ணே முக்கால் கோடி ஓட்டுக்கு மேல. மார்ச் மாசம் கேலப் எடுத்த கணிப்புல ஹிலாரி ஆதரவாளர்கள்ல 28 சதவீதம் பேர், ஒபாமா வந்தா மெக்கெயினுக்குப் போடுவோம்னாங்க. 1980 திரும்ப வருதுன்னு பயந்தாங்க.

ஆனா ஹிலாரி ஜூன் 7ஆம் தேதியே விலகி ஒபாமாவை ஆதரிச்சார். ரெண்டு பேரும் சேர்ந்து முதல் கூட்டம் போட்ட இடம், நியூ ஹாம்ப்ஷயர்ல யூனிட்டிங்கிற சின்ன ஊர். பேரே ஒற்றுமை. அந்த ஊர் பிரைமரியில ரெண்டு பேருக்கும் சரியா 107, 107 ஓட்டு. (நம்ம ஊர் மேடை அலங்காரமெல்லாம் பிச்சை வாங்கணும்.) டென்வர் மாநாட்டுல ஓட்டெடுப்பு நடந்துக்கிட்டிருக்கும்போதே ஹிலாரி எழுந்து, ஒபாமாவை ஏகமனதா ஏத்துக்கலாம்னு தானே முன்மொழிஞ்சார். நவம்பர்ல ஹிலாரி ஆதரவாளர்கள்ல மெக்கெயினுக்குப் போனவங்க, எந்தக் கணிப்பை எடுக்கறீங்கங்கிறதைப் பொறுத்து 15லேர்ந்து 25 சதவீதம். கொஞ்சம் இல்ல அது. ஆனா பதவியில இருந்த ரிபப்ளிகன் ஆட்சி மேல வெறுப்பு, பொருளாதாரம் சரிவு. அந்த இழப்பைத் தாங்கிக்கிட்டு ஒபாமா 52.9 சதவீதத்தோட ஜெயிச்சார்.

2016ல தாங்க முடியல. சாண்டர்ஸுக்குப் போட்டவங்கள்ல சுமார் 12 சதவீதம் பேர் ட்ரம்புக்குப் போனதா ஒரு பெரிய ஆய்வு சொல்லுது. அதாவது 2008ஐ விடக் குறைவு! அவங்கள்ல நிறைய பேர் 2012லயே ஒபாமாவுக்குப் போடாதவங்க. ஆனா மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூணுலயும் சேர்த்து வித்தியாசமே சுமார் 78,000 ஓட்டு. கயிறு மெல்லிசா இருந்தா சின்னப் பாரம் கூட அறுத்துடும். அதே வருஷம் எதிர்ப்பக்கம் டெட் க்ரூஸ் மாநாட்டு மேடையிலேயே ட்ரம்பை ஆதரிக்க மறுத்து கூச்சல் வாங்கினார். இருந்தும் கிட்டத்தட்ட பத்துல ஒன்பது ரிபப்ளிகன்கள் ட்ரம்புக்கே போட்டாங்க. மேடையில நடக்கிறது ஒண்ணு, ஓட்டுச்சாவடியில நடக்கிறது ஒண்ணு.

சண்டையே இல்லைன்னா நிம்மதியா? 2020ல ட்ரம்ப்புக்குப் பிரைமரியில பேர் சொல்ற மாதிரி எதிரி இல்ல, தோத்தார். 2024ல பைடனுக்கும் இல்ல. ஜூலை 21ஆம் தேதி விலகினார். கமலா ஹாரிஸ் ஒரு பிரைமரியும் இல்லாமலே வேட்பாளராகி, தோத்தார். மேல போட்ட சூப்பர் கணக்கு இங்க புட்டுக்கிச்சு.

இதையெல்லாம் படிச்சதுல எனக்குத் தோணறது இதுதான். பிரைமரிச் சண்டை பெரும்பாலும் விரிசலை உண்டாக்கறதில்ல, இருக்கிற விரிசலை வெளிச்சம் போட்டுக் காட்டுது. அதுக்கப்புறம் தோத்தவரோட வாக்காளர் வீட்டுக்குத் திரும்பி வர ஒரு வாசல் இருக்கணும். அந்த வாசலைத் திறக்க வேண்டிய பொறுப்பு தோத்தவரை விட ஜெயிச்சவருக்குத்தான் அதிகம். நாம எல்லாரும் கென்னடியோட கை குலுக்கலையே திரும்பத் திரும்பப் பேசறோம். ஆனா கென்னடி அந்த வருஷம் கார்ட்டருக்காகப் பிரசாரத்துக்கும் போனார்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப பெரியவர் பதிலுக்கு வர்றேன். அவர் கடைசி வாரத்துல மறுபடி கேட்டேன். சொன்னார்: "கையைத் தூக்காதது கென்னடியோட சின்னப் புத்தி. அதுக்காக நான் ஓட்டை மாத்தல. கார்ட்டர் எங்களோட ஒரு தடவை கூட வாதம் பண்ண வரல. பிரைமரியில கென்னடியோட வரல. செப்டம்பர்ல பால்டிமோர்ல ஆண்டர்சன் இருக்கார்னு அந்த விவாதத்துக்கும் வரல. எங்க அப்பாவுக்கு வேலை போயிருந்தது. நான் கேட்ட கேள்விக்கு 'உன் பதில் தப்பு'ன்னாவது யாராவது சொல்லியிருந்தா போட்டிருப்பேன். எங்களைக் கணக்குலயே வெச்சுக்கல. எங்க மாநிலம் எப்படியும் நம்மதுதானேன்னு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். எப்படியும் ஜெயிச்சுடுவார், என் ஓட்டு ஒரு எச்சரிக்கையா இருக்கட்டும்னு."

ரெண்டு பக்கமும் ஒரே நினைப்பு. நடுவுல 3,829.

2008ல என்ன செஞ்சீங்கன்னேன். சிரிச்சார். அந்த வருஷம் ஜனவரியில கென்னடி ஒபாமாவை ஆதரிச்சார். ஆனா ஒரு வாரம் கழிச்சு அவரோட சொந்த மாசசூசெட்ஸே பிரைமரியில ஹிலாரிக்குப் போட்டது. பெரியவரும் ஹிலாரிக்குத்தான். கென்னடி மூளைப் புற்றுநோயோட டென்வர் மாநாட்டுக்கு வந்து ஒபாமாவுக்காகப் பேசினதை டிவியில பார்த்திருக்கார். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல கென்னடி இறந்துட்டார். "அவரே இருபத்தெட்டு வருஷம் கழிச்சுக் கத்துக்கிட்டார். நானும் கத்துக்கிட்டேன்"ன்னு சொல்லிட்டு, நவம்பர்ல ஒபாமாவுக்குப் போட்டதைச் சொன்னார்.

அதுக்குள்ள ஜாப் முடிஞ்சு ரிட்டர்ன் கோடு பூஜ்யம்னு வந்துடுச்சு. பெரியவர் இப்ப ரிட்டையர் ஆகிட்டார். அந்த ஜாபை இப்ப நான்தான் ஓட்டறேன். நாப்பது நிமிஷம் பேச ஆள் இல்லாம.